எண்ணெய்க் கிணறும் காய்கறிச் சீட்டும்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்கு நேர் மேற்கே, கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில், நீலத்திரை பெட்ரோலியம் என்ற கம்பெனி கடலுக்கடியில் துளை போட்டுக்கொண்டிருந்தது. அங்கே எண்ணெய் இருக்கிறதா என்பது அந்தக் கம்பெனிக்கே இன்னும் தெரியாது. ஆனால் சாலைக் கடைத்தெரு இசக்கிப்பாண்டிக்குத் தெரியும் என்று பதினைந்து பேர் நம்பினார்கள்.

இசக்கிப்பாண்டி காய்கறி மொத்த வியாபாரி. கடலில் அந்தத் துளை போடும் மேடையில் வேலை பார்க்கும் தொண்ணூறு பேருக்கும் வாரா வாரம் படகில் போகும் அரிசியும் காய்கறியும் அவன் கடைச் சரக்குதான். மேடையிலிருந்து வரும் சாமான் சீட்டை அவன் தன் கடை மாடியில் இருந்த பங்குத் தரகர் ஆபீசுக்கு எடுத்துப் போவான். அங்கே அதை வைத்து ஜோசியம் நடக்கும். முட்டை கூடினால் ஆள் கூடியிருக்கிறது; ஆள் கூடினால் கீழே ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. பாகற்காய் கேட்ட வாரம் பங்கு விலை இறங்கியதால், பாகற்காய் என்றாலே எல்லோரும் விற்க ஓடுவார்கள்.

பதினைந்து பேரில் ஒரே பெண் வலியசாலை சுப்புலக்ஷ்மி. காய் வாங்கப் போகிறேன் என்று பையோடு கிளம்பி மாடியேறிவிடுவாள். நாற்பது ரூபாய்க்கு வாங்கிய எண்ணூறு பங்குகள் அவளிடம் இருந்தன. கணவர் நீலகண்டனுக்குத் தெரியாது. ஏஜீஸ் ஆபீசில் சர்க்கார் கணக்குப் பார்த்து ரிடையர் ஆனவர். பங்குச் சந்தை சூதாட்டம் என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் சொல்பவர்.

அவள் ஆசைப்பட்டது வீட்டுக்குள் ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். அக்ரஹாரத்து வீட்டில் அது கொல்லைக் கோடியில் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, மறு கையில் வாளி, இரண்டு முழங்காலிலும் வலி.

"எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதானே இருக்கு" என்று நீலகண்டன் பேச்சை முடித்துவிடுவார்.

அந்த வருஷம், 2006, மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு வாரத்தில் மழை. இசக்கிப்பாண்டி மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தான்.

"சேமியா பத்து கிலோ! முந்திரி மூணு! கிஸ்மிஸ், ஏலக்கா, வாழையெல நூறு! பாயசம் வைக்கானுவ மாமி. எண்ணெ கிடைச்சாச்சு!"

ஆபீஸ் அதிர்ந்தது. தரகரின் கிளார்க் வேலாயுதனிடம் வாங்கச் சொல்லி ஆளுக்கு ஆள் கத்தினார்கள். கடலிலிருந்து வேறு வழியாகவும் சேதி கசிந்ததோ என்னவோ, கம்ப்யூட்டர் திரையில் எண்பத்தெட்டில் நின்ற விலை தொண்ணூற்றேழுக்குப் போயிற்று.

சுப்புலக்ஷ்மி சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இசக்கி, அரிசி எங்கேடா?"

"என்ன மாமி?"

"வாராவாரம் மூணு மூட்டை போகுமே. இதுல அரிசியே இல்லே. உருளைக்கிழங்கும் இல்லே."

"பழசு மிச்சம் கெடக்கும் மாமி."

"தொண்ணூறு பேருக்கா? கிடைச்சிருந்தா இன்னும் ரெண்டு மாசம் தோண்டிப் பாப்பான். சாப்பிட வேண்டாமா? பாயசத்துக்கு வாங்கிட்டு மறுநாளைக்கு அரிசி வாங்காத வீடு எது? காலி பண்ணிண்டு போற வீடு!"

எல்லோரும் சிரித்தார்கள். "மாமி, இது எண்ணெக் கிணறாக்கும். வாடகை வீடு ஒண்ணும் இல்ல" என்றான் வேலாயுதன்.

"எண்ணூறையும் வித்துடு, வேலாயுதா."

"இப்பவா? வெறுதே களயாதேங்கோ மாமி, வீணாப் போயிடும். திங்கக்கிழமை நூத்தம்பது, கேட்டேளா?"

நூற்றைம்பது என்றதும் அவள் மனசில் கக்கூஸோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு வெந்நீர்க் குழாய் எல்லாம் வந்து போயின. சீட்டை இன்னொரு தரம் பார்த்தாள். அரிசி இல்லைதான்.

"வித்துடு."

திங்களன்று விலை நூற்றுப் பன்னிரண்டு. "மாமி, பாத்தியளா!" என்று கடைக்குள்ளிருந்தே கூவினான் இசக்கிப்பாண்டி. அவள் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே முறுக்கினாள். செவ்வாயன்று கம்பெனி அறிவித்தது: விற்கத் தக்க எண்ணெய் இல்லை; மழைக்கு முன் கிணற்றை மூடிவிட்டு மேடை கிளம்புகிறது. பாயசம் பிரிவுபசாரத்துக்கு. வார முடிவில் பங்கு முப்பத்தொன்றில் கிடந்தது.

கொத்தனாரிடம் பேசி முடித்த பிறகுதான் அவளுக்குக் கணவரின் நினைவு வந்தது. தஞ்சாவூர்த் தம்பி கொடுத்த பணம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

"நாளைக்குக் கொத்தனார் வரார். உள்ளேயே கட்டப் போறேன்" என்றாள்.

நீலகண்டன் நாற்காலியில் சாய்ந்து மேல்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளாக அப்படித்தான் இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"மாமா உண்டோ?" வேலாயுதனின் குரல். "அய்யோ, மாமியா? ஒண்ணுமில்ல, மாமாவோட அந்த முந்நூறு நீலத்திரை... விக்கணுமா, வச்சுக்கணுமான்னு..."

அவள் ரிசீவரைக் கையால் பொத்தினாள்.

"வேலாயுதன். உங்களோட முந்நூறு பங்கை விக்கறதா, வச்சுக்கறதான்னு கேக்கறான்."

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"எப்போ வாங்கினேள்?"

"வெள்ளிக்கிழமை. போன்லே சொன்னேன். பாயசம் வைக்கறான்னு ஊரெல்லாம் பேச்சு."

"எவ்வளவுக்கு?"

"தொண்ணூத்தேழு."

சுப்புலக்ஷ்மி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை.

"கொத்தனார் எத்தனை மணிக்கு வரார்?" என்று கேட்டார் நீலகண்டன்.