தொட்டி கழுவுகிறவள்

தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிதான். தேயிலை மலைக்கு மேலே, காட்டோரத்தில், வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டியது. அங்கிருந்து லயத்து வரிசை வீடுகளுக்கு வரும் பைப்பில் துருப்பிடிக்காத இடத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். தோட்ட நிர்வாகம் கைவிட்டு வருசக்கணக்காகிவிட்டது. சனங்களே தண்ணிக் கமிட்டி ஒன்று வைத்து, வீட்டுக்கு மாதம் முந்நூறு ரூபாய் எடுத்து, வெடித்த இடத்தில் டியூப் ரப்பரைச் சுற்றிச் சுற்றிக் காலத்தை ஓட்டினார்கள்.

காசைவிடப் பெரிய தொல்லை தொட்டி கழுவுவது. வாரத்துக்கு ஒரு வீட்டு முறை. போகும் வழியெல்லாம் காலில் அட்டை ஏறும். இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, சேற்றையும் அழுகின இலையையும் வாளியால் அள்ளிக் கொட்ட வேண்டும். நாகலெட்சுமியின் புருசன் இராமையாவுக்கு இழுப்பு நோய். அதனால் அவர்கள் முறை வந்தால் அவள்தான் இறங்குவாள். ஒருமுறை இறங்கிவிட்டு வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். மூன்று நாள் சம்பளமும் போனது.

அந்தத் தொல்லை போன வருசம் தீர்ந்தது. அடுத்த வீட்டுப் பேச்சியம்மா புருசன் இல்லாதவள். வயதாகிவிட்டதென்று தோட்டத்தில் அவள் பேரை வெட்டியதும் தண்ணிக் காசு ஐந்து மாதம் பாக்கி விழுந்தது. கமிட்டித் தலைவர் யோகேஸ்வரன், லயத்தடியில் கடை வைத்திருப்பவர், ஒரு வழி சொன்னார்.

"காசுக்குப் பதிலா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தொட்டியக் கழுவிடுங்கக்கா."

அவளும் சரியென்றாள். பதினான்கு மாதம், ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. மற்றவர்கள் காட்டுப் பாதையையே மறந்துபோனார்கள்.

பிறகு கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் மகள் பிரியந்தி பணம் அனுப்பினாள். பழைய பாக்கிக்கும் வரும் ஒரு வருசத்துக்கும் சேர்த்து ஐயாயிரத்து நூறு ரூபாய். பேச்சியம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாள்.

"இனி மத்தவங்க மாதிரி காசு கட்டிடுறேன் தம்பி. மொழங்கால் தண்ணிக்குள்ள நிக்க விடமாட்டேங்குது."

யோகேஸ்வரன் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப வர்ற சனிக்கிழமை தொட்டிக்கு யாரு போறது?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

"சரி, ஒரு சட்டம் வைப்போம். ஒரு தடவ பாக்கி விழுந்த வீடு புது வீடு மாதிரித்தான். தண்ணி லைனுக்கு இருபதாயிரம் கட்டணும். கட்டுற வரைக்கும் தொட்டி வேல. சம்மதம்னா கையத் தூக்குங்க."

கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. நாகலெட்சுமி மனசுக்குள் வீட்டு நம்பரைக் கணக்குப் பார்த்தாள். அடுத்த முறை அவளுடையது. அவளும் தூக்கினாள். பேச்சியம்மா திரும்பி அந்தக் கையைப் பார்த்தாள்.

"அப்ப நான் குடுத்த காசு?"

"அது பழைய கணக்குல சேந்துருச்சுக்கா."

சனிக்கிழமை பேச்சியம்மா போகவில்லை. மறுநாளே அவள் வீட்டுப் பைப்பை வெட்டி மூடி போட்டுவிட்டார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு அவள் கீழே ஓடைக்குப் போனாள். மேல் லயத்துச் சாக்கடைக் கான் வந்து விழும் ஓடை அது. பார்க்கப் பொறுக்காமல் நாகலெட்சுமி சாயங்காலம் ஒரு வாளி தண்ணீரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள். நான்காம் நாள் யோகேஸ்வரன் வாசலில் வந்து நின்றார்.

"வெட்டின வீட்டுக்குத் தண்ணி குடுத்தா ஆயிரம் ரூபா குத்தம் கட்டணும். அடுத்த தடவ ஒங்க வீட்டுக்கும் மூடிதான்."

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மா சுவரைத் தட்டினாள். "லெட்சுமி," என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். நாகலெட்சுமி நிறைந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருமல் வந்த இராமையாவைக் கையைக் காட்டி அடக்கினாள்.

மூன்றாவது வாரம் எல்லார் வீட்டிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. அப்புறம் அதுவும் நூலாக இளைத்தது. ஒருநாள் விடிந்ததும் யோகேஸ்வரன் மறுபடி வந்தார்.

"ஒன் பேச்சத்தான் அந்தம்மா கேக்கும். போய்ச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு ஒன் முறதான்."

"கழுவினா லைனத் தொறந்து விடுவீங்களா?"

"இருபதாயிரம் வரட்டும். இப்பவே தொறந்துட்டா அடுத்த சனிக்கிழமை அந்தம்மா வருமா?"

நாகலெட்சுமி போனாள். பேச்சியம்மா சாக்கில் சுருண்டு படுத்திருந்தாள். ஓடைத் தண்ணி ஒத்துக்கொள்ளாமல் நான்கு நாளாக வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"தொட்டியக் கழுவச் சொல்றாங்கக்கா."

"கழுவினா தண்ணி விடுவாங்களா?"

"விடுவாங்க."

பேச்சியம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவுக்காரத்தைத் தேய்த்தாள். "நீயாவது வந்து கேட்டியே," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள். நாகலெட்சுமி கூடப் போகவில்லை.

பத்து மணிக்கெல்லாம் நாகலெட்சுமி வீட்டுக் குழாய் இருமித் துப்பியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அவள் குடம், சட்டி, வாளி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு மூன்று நாள் அழுக்குத் துணியை ஊறப் போட்டாள்.

மத்தியானம் தாண்டிப் பேச்சியம்மா இறங்கி வந்தாள். இடுப்புக்குக் கீழே நனைந்து, கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. தன் வீட்டுக் குழாயைத் திருகினாள். இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"லெட்சுமி, தண்ணி வரலியே."

துணி அலசிக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிரவில்லை.

"நாளைக்குத் தொறப்பாங்களாம்க்கா."

பேச்சியம்மா நாகலெட்சுமியின் குழாயைப் பார்த்தாள், கேட்கவில்லை. படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த இரண்டு அட்டைகளைப் பிய்த்துப் போட்டாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கினாள். நாகலெட்சுமி அலசிய துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து கொடியில் காயப்போட்டாள்.