ஓடாத குண்டு

ஆய்வாளர் குண்டூசியால் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை ஒரு தடவை ரசித்துப் பார்த்துவிட்டு மேசை விரிப்பில் துடைத்தார். அறிவியல் டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சிரித்து வைத்தாள். இரண்டு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாவது அந்தக் கை எழுதப்போகும் ஒரு வரியில் இருந்தது.

மேசைமேல் இருந்த மரப்பலகைத் தடத்தில் ஐந்து இரும்புக் குண்டுகள் வரிசையாக நின்றன. ஆறாவதை உருட்டிவிட்டாள். ‘டொக்’கென்று மோதி நின்றது. மறுமுனையில் இருக்கும் குண்டு துள்ளி ஓடவேண்டும். இம்மிகூட அசையவில்லை.

“என்ன பாத்தீங்க?” பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

“வேகம் கைமாறி கடைசி குண்டு ஓடுது டீச்சர்!” நாற்பது வாயும் ஒரே ராகத்தில் கத்தின. மூன்று நாள் ஒத்திகை வீண் போகவில்லை.

“பிரமாதம்,” என்றார் ஆய்வாளர், தலையைத் தூக்காமலே.

அவள் குனிந்து பார்த்தாள். குண்டுகளுக்கு அடியில் மூக்குச்சளி மாதிரி பசை காய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூட உதவியாளர் பெருமையாகக் கிசுகிசுத்தார்: “போன தடவை உருண்டு விழுந்து மானம் போச்சுல்ல டீச்சர்? அதான் நேத்தே ஒட்டிட்டேன். இனி ஜென்மத்துக்கும் நகராது!”

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. வாயாடி என்று வகுப்பே பட்டம் கட்டிய சிறுமி.

“ஓடலையே டீச்சர்.”

“ஏய், அதிகப்பிரசங்கி! கண்ணு எங்க இருக்கு, பிடரியிலயா?” ஆய்வாளர் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் பாய்ந்தார். “நல்லா பாத்துச் சொல்லு!”

சிறுமி குண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது. “ஓடுச்சு சார்.”

ஆய்வாளர் தாளை நகர்த்தினார். ‘சோதனை வெற்றி. நிரந்தரம் செய்யலாம்.’ மை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“கையெழுத்து போடும்மா. பந்திக்கு நேரமாச்சு.”

அவள் பேனாவைத் தொடவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து ஐந்து குண்டுகளையும் நெம்பினாள். பசையைச் சுரண்டித் துடைத்து, மறுபடி அடுக்கி, ஆறாவதை உருட்டினாள். டொக்! கடைசிக் குண்டு பாய்ந்தது; மேசை விளிம்பைத் தாண்டி ஆய்வாளரின் கால் கட்டைவிரலில் இறங்கியது.

“ஐயோ!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் நொண்டிக்கொண்டே தாளை இழுத்து ‘நிரந்தரம் செய்யலாம்’ என்பதை அடித்தார். ஊசி பறந்து எங்கோ விழுந்தது. தலைமையாசிரியர் தலையில் கைவைத்தபடி அவர் பின்னால் ஓடினார்.

டீச்சர் மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள்.

“முதல் தடவை குண்டு ஓடுச்சா?”

“இல்ல டீச்சர்.”

“அப்புறம் ஏன் ஓடுச்சுன்னு சொன்னே?”

“நீங்கதானே மூணு நாளா அப்படிச் சொல்லச் சொன்னீங்க?”

டீச்சரின் நகக்கண்ணில் பசை இன்னும் ஒட்டியிருந்தது. புடவையில் தேய்த்தாள். போகவில்லை.