அகஸ்டினா போட்ட தாழ்ப்பாள்

செங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில் இருபத்தைந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த முந்திரி ஆலையை மனு வாங்கி, கூரை மாற்றி, தரை போட்டு, கல்யாண மண்டபமாக்கியிருந்தான். முந்திரியை அண்டி என்னும் ஊர்க்காரர்கள் இன்னும் அதை அண்டியாபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். மண்டபத்தைவிட அங்கிருக்கும் பேய்க்குத்தான் பேர் அதிகம்.

மகள் ஷைனாவின் கல்யாணத்துக்கு இடம் பார்க்க அகஸ்டினா பொழியூரிலிருந்து மகளோடு வந்திருந்தாள். மனுவே சுற்றிக் காட்டினான். பின்பக்கம் பருப்பு உலர்த்தும் சூட்டறையின் இரும்புக் கதவை மட்டும் அவன் மாற்றவில்லை.

“இதுக்குள்ள ஒரு பொண்ணு தூக்குப் போட்டுச் செத்துதாம் சேச்சி. அண்டி களவாண்டாள்னு சொன்னதுல மனசு ஒடிஞ்சு போச்சு. உச்சிநேரம் அலறல் கேக்கும்னு பலரும் சொல்லுவாங்க. பயப்படாண்டாம், ஒண்ணும் செய்யாது. கல்யாணத்துக்கு வாறவங்க எல்லாம் இங்க நின்னு போட்டோ எடுப்பாங்க.”

“அவ பேரு?”

“அகஸ்டினா.”

ஷைனா அம்மாவைப் பார்த்தாள். அகஸ்டினா கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“மக்கா, அது நானாக்கும். அலறினது நான் இல்ல. சூப்பர்வைசர் சதாசிவன்.”

மனு சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டான். அவள் அவசரப்படாமல் சொன்னாள். தினமும் சாயங்காலம் வாசலில் பெண்களைச் சோதனை போட்டு அனுப்புவான் சதாசிவன். ஒருநாள் காலையிலேயே, கூட வேலை செய்த குமாரி பருப்பு ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எல்லோர் முன்பும் அவள் சேலையை உருவவைத்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. குமாரி அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். நண்பகலில் அகஸ்டினா அவனிடம் போய், களவுப் பருப்பு சூட்டறையில் இருக்கிறது என்றாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, அதனால் அந்தப் பக்கம் ஆளும் இல்லை. அவன் உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டாள். சாயங்காலம் காவலாளி திறக்கும்வரை அவன் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டதாம். போலீசுக்குப் பயந்து அன்றைக்கே கொல்லத்துக்கு பஸ் ஏறினாள். அங்கேயே வேலை, கல்யாணம், பிள்ளை. ஐந்து வருடம் முன்புதான் இந்தப் பக்கம் திரும்பி, பொழியூரில் குடியேறினாள்.

“அவன் மானம் போவும்னு வெளிய சொல்லியிருக்க மாட்டான். கத்தினது கேட்டுது, என்னெக் காணல்ல. ஊரு ரெண்டையும் சேத்துக் கெட்டிட்டுது.”

சமையலறை வாசலில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. இப்போது மண்டபத்தில் பாத்திரம் கழுவும் அதே குமாரி, ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். கிட்ட வந்து அகஸ்டினாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தோளை. பிறகு அழத் தொடங்கினாள்.

“நீ எனக்காக வாய் தெறந்து, அதுல செத்துப் போயிட்டன்னுல்லா நெனச்சேன். வருசா வருசம் இந்தக் கதவுக்க முன்னால வெளக்கு வைக்கேன்டி.”

“இனிமே அந்த எண்ணையில மீனு பொரி. நான் திங்க வாறேன்.”

குமாரி அழுகைக்கு நடுவே சிரித்தாள். ஷைனாவும் அழுதாள். அம்மா இதைத் தன்னிடம்கூடச் சொன்னதில்லை.

மனு தயங்கினான். “சேச்சி, ஆளுக பேயைப் பாக்கத்தானே வாறாங்க.”

“வரட்டும். நடந்ததச் சொல்லு. இல்லேன்னா எனக்க மொவளுக்க கல்யாணம் இங்க இல்ல.”

மே மாதம் கல்யாணம் அங்கேதான் நடந்தது. விருந்தாளிகளைச் சூட்டறைக்கு அழைத்துப் போய்க் கதை சொல்லும் வேலையைக் குமாரி எடுத்துக்கொண்டாள். சதாசிவன் உள்ளிருந்து கதவைத் தட்டியதை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் தட்டியதுபோலவே கதவைத் தட்டிக் காட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள்.