மலைக்குப் போன பானை

அப்பாவின் தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோதே லாம்பித்தோவுக்கு வாசலில் தம்பியின் குரல் கேட்டது. யாரிடமோ குழைந்துகொண்டிருந்தான். பணக்காரர்களிடமும் பாட்டுக்காரர்களிடமும்தான் தெலோனுக்கு அந்தக் குரல் வரும்.

"அக்கா, யார் வந்திருக்காங்க பாரு! கெஃபிசோன்! தீப்ஸ்லேர்ந்து!"

நாடெங்கும் பெரிய மனிதர்களின் வெற்றிக்கும் சாவுக்கும் பாடுகிற கெஃபிசோன், குழல்காரன் ஒருவன் பின்தொடர உள்ளே வந்தான். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தான்.

"பெரியவர் எந்தப் போர்லம்மா?"

"வெங்காயத் தோட்டத்துல. களை எடுக்கும்போது."

தெலோன் இருமினான். "எங்க வம்சம் ஹெராக்ளீஸ் வழிங்க. அதைக் கொஞ்சம் அழுத்திப் பாடணும்."

"எப்போலேர்ந்துடா?"

பதில் அவளுக்கே தெரியும். தம்பி மூன்றாவது கப்பல் வாங்கியதிலிருந்து. ஏகினாத் தீவில் நாலு காசு பார்த்தவனெல்லாம் வீட்டுக்கு ஒரு பழங்கதை வீரனைப் பாட்டனாக வைத்துக்கொண்டிருந்தான். எண்ணெய் வியாபாரிக்கு அகிலீஸ், மீன் வியாபாரிக்கு அயாஸ். தம்பிக்கு மிஞ்சியது ஹெராக்ளீஸ்.

அப்பாவுக்கு அந்தப் பேரே ஆகாது. விருந்தில் யாராவது அவன் சிங்கத்தைக் கொன்ற பாட்டை எடுத்தால் செருப்பைத் தேடுவார். "பித்துப் பிடிச்சுப் பெத்த பிள்ளைங்களையே கொன்னானே, அதை ஏண்டா பாடமாட்டேங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியேறுவார்.

கேட்க அவருக்கு உரிமை இருந்தது. லாம்பித்தோ வளைந்த காலோடு பிறந்தாள். அப்படிப் பிறந்ததைப் பானையில் வைத்து மலையில் விட்டுவருவது ஊர் வழக்கம். பெற்றவன்தான் விட வேண்டும். அப்பா மிக்கோன் பானையைத் தூக்கிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் அதே பானையோடு இறங்கி வந்தார். பிள்ளையை ஏந்தி அடுப்பைச் சுற்றி நடந்தார். அப்படி நடந்துவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை. ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஊர் முதுகுக்குப் பின்னால் சிரித்தது. பானையில் அன்றிலிருந்து பருப்பு வெந்தது.

கெஃபிசோன் பாடத் தொடங்கினான். சிங்கம் வந்தது, பல தலைப் பாம்பு வந்தது. 'குதிரைகளை அடக்கியவனே' என்றான். அந்த வீட்டில் ஒரு கழுதைகூட இருந்ததில்லை. போன மாதம் குதிரைப் பண்ணைக்காரர் சாவிலும் இதே பாட்டுதான். பேரை மட்டும் மாற்றியிருந்தான். வெட்கம் கெட்டவன்.

முதல் பகுதி முடிந்தது. இனி மகள் குரலெடுத்து அழ வேண்டும், கூடியிருக்கும் பெண்கள் அதை வாங்கிப் பாட வேண்டும், அப்புறம்தான் பாட்டு நகரும். லாம்பித்தோ வாயைத் திறக்கவில்லை. கெஃபிசோன் கடைசி அடியை மறுபடி பாடிப் பார்த்தான். தெலோன் அவள் காதருகே குனிந்தான்.

"அழு அக்கா. மானம் போகுது."

"யாருக்குடா அழறது? இவர் பாடற ஆளை எனக்குத் தெரியாதே. பானையைப் பாடச் சொல்லு, அழறேன்."

"பைத்தியமா உனக்கு? நொண்டிப் பிறப்பு வம்சம்னு தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்?"

"நான் என்ன ஒளிஞ்சா கிடக்கேன்? தினம் இந்தக் காலோடதானே சந்தைக்குப் போறேன்."

கெஃபிசோன் சிரித்தான். "பானையா? வீரனுக்குப் பாட்டு உண்டு தாயி. பானைக்கு ஏது பாட்டு?"

லாம்பித்தோ கூந்தலை அவிழ்த்தாள். அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"பானையோடு மலையேறிப் போனாயே, அப்பா!
பானையோடு இறங்கி வந்தாயே!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடுத்த வீட்டுக்காரி மார்பில் அறைந்துகொண்டு அந்த அடியை வாங்கினாள். எல்லோரும் வாங்கினார்கள். கூலிக்கு வந்த குழல்காரனும் கெஃபிசோனை விட்டுவிட்டு அவள் குரலுக்குப் பின்னால் போனான். தெலோன் தரையைப் பார்த்து நின்றான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

மறுநாள் விடியலில் குழிக்குள் அப்பாவை இறக்கினார்கள். தெலோன் புது எண்ணெய்க் குப்பியோடு முன்னால் வந்தான். அதில் வரைந்திருந்த ஹெராக்ளீஸ் சிங்கத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். லாம்பித்தோ காலை இழுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கியிருந்தாள். மடியில் அடி கரிந்த பானை.

"கரிப்பானையையா வைக்கப்போற? ஊரே பாக்குதுக்கா."

"உன் சிங்கத்துக்கும் இடம் இருக்கு. கால்மாட்டுல வை."

அப்பாவின் கை விறைத்திருந்தது. முழங்கையை மெல்ல விலக்கி, பானையை அந்த மடிப்பில் வைத்தாள். அது ஆடாமல் நின்றது.