மச்சினன் அடைகாத்த மூன்று முட்டைகள்

மயில்காரருடைய மச்சினன் இருபத்தெட்டு நாள் சட்டைக்குள் வைத்து அடைகாத்ததில் மூன்று மயில் முட்டைகளும் பழுதில்லாமல் பொரிந்தன. இதில் நம்பமுடியாதது, அவன் ஒரே வேலையை இருபத்தெட்டு நாள் தொடர்ந்து செய்தான் என்பதுதான். மற்றபடி சூடு சூடுதான். யாருடையது என்று முட்டை விசாரிப்பதில்லை.

அந்த நாட்களில் அவன் அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலில் வயிற்றில் கட்டி என்று சொல்லி மல்லாந்து கிடந்தான். மயில்காரர் வேளைக்கொரு வெந்நீர்ப் பை கொண்டுவந்து தன் கையாலேயே வைத்துவிட்டார். "ஒரு கட்டி அசையுதே மாப்ள?" என்று கேட்டபோது, "காத்து, மச்சான்" என்றான். நல்ல மனிதர், சோம்புத் தண்ணீரும் கொடுத்தார்.

அவர் சந்தேகப்படாததற்குக் காரணம் இருந்தது. கூட்டிலிருந்த ஆறு முட்டைகளில் மூன்றைப் பாம்பு விழுங்கியதைக் கண்ணால் பார்த்ததாக அவர் மனைவியே சொல்லியிருந்தாள். அவர் ஒரு மாதம் பொந்து பொந்தாக அடைத்துக்கொண்டிருந்தார். கலைந்த கூட்டுக்குத் தாய்மயில் திரும்பாததால் மிச்ச மூன்றும் கூமுட்டையாயின. அந்த மழைக்காலத்தில் தகப்பன் மயிலும் சீக்கு வந்து செத்தது; டீ நிறத் தாய்மயில் மட்டும் ஒற்றையாய் மிஞ்சியது. பதினோரு வருடம் பாடுபட்டு அவர் உருவாக்கிய டீ நிற மயில் வர்க்கம் அத்தோடு அற்றுப்போனதாக எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். மச்சினனும் விசாரித்தான், கண்ணீரோடு.

பதினோரு வருடம் ஏனென்றால் அந்த நிறத்தின் குணம் அப்படி. பெண்மயிலுக்கு அது வர அப்பன் கொடுத்தால் போதும்; அம்மா மகளுக்குக் கொடுக்க வழியே இல்லை. ஆண்மயிலுக்கோ இரண்டு பேரும் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் அது வெளியே நீலமாகவும் உள்ளே டீயாகவும், ஒன்றும் அறியாத முகத்தோடு திரியும்.

மூன்று வருடம் கழித்துப் பறவைக் கண்காட்சியில் மச்சினன் ஓர் ஆண்மயிலைக் கொண்டுவந்து நிறுத்தினான். தோகை முழுக்க டீ நிறம். கூட்டம் வாயைப் பிளந்தது. தாய் என்ன நிறம் என்று நடுவர் கேட்டார். "சாதா நீலந்தான் சார். என் வீட்டுக் கூண்டுல பொறந்தது. எல்லாம் கைராசி" என்றான். பெண்மயிலைக் கொண்டுவந்து இதே பொய்யைச் சொல்லியிருந்தால் செல்லுபடியாகியிருக்கும். தோகை ஆசை அவனைக் கவிழ்த்தது. அம்மா நீலமாக இருந்தால் மகன் டீ நிறமாக முடியாது. டீ நிறத் தாய் ஒன்றே ஒன்றுதான், அது மயில்காரர் கூண்டில். பின்வரிசையில் நின்றிருந்த அவர் மனதுக்குள் படிப்படியாகப் பின்னால் போனார்: மயில், முட்டை, கட்டி, பாம்பு. கடைசிப் படியில் மனைவி நின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பாம்பு என்ன நிறம்?" என்று கேட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தம்பிக்கு எதுவுமே அமையலீங்க. உங்களுக்குத்தான் இன்னும் மூணு இருந்துச்சே."

"அதுங்க ஆறிப்போச்சே."

"ஆறிப்போகும்னு எனக்குத் தெரியுமா?"

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் உப்பு, சோப்பு, தாழ்ப்பாள் தவிர வேறு பேச்சில்லை.

பிறகு, இதற்கிடையில் கல்யாணமாகியிருந்த மச்சினனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உச்சந்தலையில் முடிக்குப் பதிலாக ஏழு தூவிகள் கொண்ட கொண்டை, டீ நிறத்தில். மாமியார், "எங்க வம்சத்துல யாருக்கும் கொண்டை கிடையாது" என்று மருமகளைப் பார்த்தாள். தெருவும் பார்த்தது. மச்சினன் மோட்டுவளையைப் பார்த்தபடி, "என் பக்கம் இல்லம்மா" என்றான். பெற்றவள் குழந்தையோடு வெளியே அனுப்பப்படுகிற நிலை. அவள் மயில்காரருக்கு ஆள் அனுப்பினாள். வாசலில் மனைவி அவர் கையைப் பிடித்தாள். "உண்மையைச் சொன்னா என் தம்பி மானம் போயிடும்ங்க." அவர் கையை விடுவித்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

குழந்தையின் கொண்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்த நிறம் பொண்ணுக்கு அப்பன்கிட்டேருந்து மட்டுந்தான் வரும். தாய் நெனச்சாலும் குடுக்க முடியாது. மாப்ள, சட்டையைத் தூக்கு."

அவன் தூக்கவில்லை. அவன் அம்மாவே தூக்கினாள். வயிற்றில் முட்டை அளவில் டீ நிறத் தழும்புகள் மூன்று. அவள் சட்டையை இறக்கிவிட்டு மருமகளிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது பையனா இருந்தா எப்படிண்ணே?" என்று பெற்றவள் கேட்டாள்.

"வெளிய தெரியாதும்மா. உள்ள வெச்சிருப்பான்" என்றார் மயில்காரர், வாசலில் வந்து நின்ற தன் மனைவியைப் பார்க்காமலே.

அடுத்தது பையன்தான்; கறுப்பு முடி, சாதாரணக் குழந்தை. பெண்ணைப் பள்ளியில் சேர்த்தார்கள். வகுப்புப் புகைப்படம் எடுக்கிற நாளில் மட்டும், பின்வரிசையை மறைக்கிறது என்று, கொண்டையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரி அனுப்பச் சொன்னார்கள்.