பன்னிரண்டாவது தோட்டாக்கூடு

1

இந்தக் கதை ஓர் எஃகுத் துண்டிலிருந்து வந்தது. ஆறு மாதமாக என் மேசையில் தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தேன். குன்னூரில் பக்கத்து வீட்டிலிருந்த யூனிஸ் டீச்சர் வீடு மாறிப் போகும்போது, "எதுக்காச்சும் ஆகுமுங்க, வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்கும் உருளை. நடுவில் துளை. துளைக்குள் ஒரு பித்தளைக் கூடு சிக்கியிருக்கிறது. அதன் அடிப்பாகம் மட்டும் வெளியே தெரிகிறது. துப்பாக்கித் தோட்டாவின் கூடு என்றார். அவருடைய பெரியம்மா ஜெஸிந்தா, பெரியப்பா மரியஅந்தோணி காலத்துச் சாமானாம்.

ஏன் யாரும் அதை வெளியே எடுக்கவில்லை என்று கேட்டேன். சின்ன வயதில் தானும் கேட்டதாகச் சொன்னார். "எண்ணெ பத்தல, அவ்வளவுதான்" என்று பெரியம்மா முடித்துவிட்டாராம்.

அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. அது என் வியாதி.

2

முதல் தொடக்கம்: "1961 ஜனவரி. இத்தலார்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் மீது பனி வெள்ளைப் போர்வையாக"

(வேண்டாம். போர்வையை எல்லோரும் போர்த்திவிட்டார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: மரியஅந்தோணிக்கு வயது முப்பத்தெட்டு. எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டர். இலை அரைக்கும் ரோலர் நின்றாலும் துரை பங்களாவின் பூட்டு மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதோடு துரையின் பழைய சீமைத் துப்பாக்கிக்குத் தோட்டா தயாரிப்பதும் அவன் வேலை. அதற்கான தோட்டா கப்பலில் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. மிச்சமிருந்தவை பன்னிரண்டு பித்தளைக் கூடுகள். சுட்டுவிட்டு, பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து, மறுபடி சுட வேண்டும். காட்டுப்பன்றிகளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. கிழங்குக் காட்டுக்குள் அவை பாட்டுக்கு இறங்கின.

இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

3

கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

சுடும்போது கூடு உப்பிவிடும். அடுத்த முறை துப்பாக்கிக்குள் நுழையாது. அதனால் எஃகு அச்சு ஒன்றுக்குள் அதை அழுத்தி, பழைய அளவுக்கு இறுக்குவார்கள். என் மேசையில் இருப்பது அந்த அச்சுதான். இந்தக் கூடுகள் அடியிலிருந்து வாய்வரை நேராக இருப்பவை.* ஆகவே முழு நீளமும் அச்சின் சுவரில் உரசும். எண்ணெய் பூசாமல் அழுத்தினால் பித்தளை எஃகைப் பற்றிக்கொள்ளும். அதிகம் பூசினால் உள்ளே வழிந்து மருந்தைக் கெடுக்கும். பூசியதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பூச வேண்டும்.

* முதல் வரைவில் கழுத்து குறுகிய கூடு என்று எழுதியிருந்தேன். லேத் பட்டறை மாரிச்சாமி அச்சை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அந்த அளவு மரியஅந்தோணியின் விரலுக்குப் பிடிபடவில்லை. இரும்பு தின்ற விரல்கள். ஜெஸிந்தாவுக்குத் தெரிந்தது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து பூசுவது அவள், அழுத்துவது அவன். எண்ணெய் என்று அவர்கள் சொன்னது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்பு; ஊட்டி மருந்துக்கடையில் வாங்கியதை விரல் நுனியில் தொட்டு, கூட்டை உருட்டி உருட்டிப் பூசிப் பலகையில் நிறுத்துவாள். அவன் எடுத்து, அச்சு மாட்டிய கைப்பிரஸ்ஸில் வைத்துக் கைப்பிடியை இறக்குவான். பத்து வருஷத்தில் ஒரு கூடுகூடச் சிக்கியதில்லை.

4

(இந்த இடத்தில் அவர்கள் கல்யாணம், தேவாலயம், ஜெஸிந்தாவின் நீலச் சேலை என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு வேண்டியிருக்கவில்லை.)

5

இனி அவன் செய்த தப்பு. யூனிஸ் டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் இது.

ஜெஸிந்தா ஆசிரியை வேலைக்குப் படித்தவள். எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். டிசம்பரில் பதில் வந்தது: ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் வந்து சேரவும். ஆபீசில் தபாலை வாங்கியவன் மரியஅந்தோணி. பிரித்துப் படித்தான். அன்று கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இவனை எனக்குப் பிடிக்காமல் போனது. கெட்டவன் என்று எழுதிவிட்டால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கடிதத்தை அவன் ஒளித்து வைத்த இடத்தைக் கேளுங்கள்: தோட்டாக்கூடு வைக்கும் தகரப் பெட்டி. வேலை வரும்போது அதை முதலில் திறப்பவள் அவள். ஒளிக்கத் தெரியாதவன் ஒளித்திருக்கிறான், அல்லது அகப்பட விரும்பியவன் ஒளித்திருக்கிறான். எப்படியோ, என் கோபம் பாதியாகிவிட்டது.

ஜனவரி பதினான்காம் தேதி, சனிக்கிழமை, துரை பன்னிரண்டு தோட்டா கேட்டனுப்பினார். ஜெஸிந்தா பெட்டியைத் திறந்தாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். அழவில்லை, கத்தவில்லை. நாளை இந்தப் பன்னிரண்டையும் பூசிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர் அக்கா வீட்டுக்குப் போகிறேன், பள்ளிக்கூடத்தில் நேரில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

6

ஞாயிறு பூசைக்குப் பிறகு, மத்தியான வெளிச்சத்தில், எப்போதும்போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சுவரோரம் அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டி வைத்தபடி இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பிரஸ்ஸையே பார்த்தான். ஒரு கூடு முடிந்தால் இன்னொன்று. ஒவ்வொன்று முடியும்போதும் அவள் இந்த வீட்டில் இருக்கும் நேரம் கொஞ்சம் குறைந்தது. வேகமாக வேலை செய்து பழகிய கை அன்றைக்கு ஓடவில்லை. பதினொன்று முடிந்தன.

பன்னிரண்டாவதை அவள் பலகையில் நிறுத்தினாள். அவன் எடுத்தான். அவன் கட்டைவிரல் கூட்டின் மீது

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. இவ்வளவு நேரம் அவன் மனசுக்குள் போய் வந்த எனக்கு, அந்தக் கட்டைவிரலுக்குள் மட்டும் போக விருப்பமில்லை.)

கைப்பிடியை இறக்கினான். கூட்டின் அடி எட்டும் சமயத்தில் கீச்சென்று ஒரு சத்தம். ஏற்றிப் பார்த்தான், வரவில்லை.

"மாட்டிக்கிச்சு" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பனியில வெச்சா பித்தளை சுருங்கும் ஜெஸி. விடியால, வெயில் படறதுக்கு முந்தி, ஒரு ஆள் புடிச்சு ஒரு ஆள் தட்டோணும்."

"பஸ்சு ஏழு மணிக்குங்க."

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். "ஆறு மணிக்கு எழுப்புங்க" என்றாள்.

7

காலையில் முட்டைக்கோஸ் பாத்தியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அச்சு வரப்புக் கல்மேல் இருந்தது. அவள் சாக்குத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அவன் மேல் துளையில் கம்பியை விட்டுச் சுத்தியால் தட்டினான். அசையவில்லை. மறுபடி தட்டினான். அவள் விரல்கள் குளிரில் சிவந்திருப்பதைப் பார்த்ததும் சுத்தி தானாகக் கீழே இறங்கியது.

"லெட்டர அன்னைக்கே உன் கையில குடுத்திருக்கோணும். நீ போயிட்டீன்னா நான் என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். வேற ஒன்னுமில்ல."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. பெட்டி வாசலில் தயாராக இருந்தது. ஓடினால் பிடித்துவிடலாம்.

"நானும் பயந்துட்டுத்தானுங்க இருந்தேன், தனியா போறதுக்கு" என்றாள். பிறகு அச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வெச்சுப் பாக்கலாம்" என்றாள்.

பஸ் போய்விட்டது.

அன்றே அவள் பள்ளிக்குக் கடிதம் எழுதினாள். அதை ஊட்டிக்குக் கொண்டுபோய்த் தபாலில் போட்டவன் அவன். துரைக்குப் பதினொரு தோட்டாதான் போனது. ஜூனில் பள்ளியில் இடம் கிடைத்தது. இருவருமாக மலை இறங்கினார்கள். அவள் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினாள். அவன் பீளமேட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்து, வெயிலைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினான். பனி முடியும்வரை அந்த அச்சைத் தினமும் வெளியே வைத்து எடுத்தார்களாம். பிறகு டிரங்குப் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுபோனார்கள்.

8

இங்கேயே முடித்திருக்கலாம். மாரிச்சாமி கெடுத்தார்.

இதை எடுக்கப் பனியெல்லாம் எதற்கு என்றார் அவர். கூட்டின் அடியில் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முறுக்கி இழுத்தால் வந்துவிடும். அரை மணி நேர வேலை. ஃபிட்டருக்கு இது தெரியாமல் இருக்காது. வெளியே எடுத்தால் இன்னொன்றும் தெரியும் என்றார். எண்ணெய் பூசவே இல்லையென்றால் பித்தளையில் சுற்றிலும் கீறல் இருக்கும். பூசியதை யாராவது கட்டைவிரலால் வழித்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கோடு விழுந்திருக்கும்.

ஆக முடிவு இரண்டு.

சுற்றிலும் கீறல் என்றால், பத்து வருஷம் தவறாத விரல்கள் அன்றைக்கு ஒரு கூட்டை வேண்டுமென்றே வெறுமனே நிறுத்தின. வரப்பில் அவன் வாய் திறப்பதற்கு முன்பே, அவள் அவனுக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுத்துவிட்டாள்.

ஒரு பக்கக் கோடு என்றால், கடிதத்தை ஒளித்தவன் மறுபடியும் ஒன்றை ஒளித்தான். அது அவளுக்குத் தெரிந்திருக்குமா? எதிரே உட்கார்ந்திருந்தாளே. தெரிந்தும் பஸ்ஸை விட்டாளா?

(மூன்றாவதும் உண்டு: அவளுக்குக் கைமறதி, அவனுக்குக் கவனமில்லை. நடந்திருக்கலாம். இதை நினைத்தால் மட்டும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.)

போன வாரம் அச்சை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாரிச்சாமி வைஸில் இறுக்கினார். துளைக்கும் முனை பித்தளையைத் தொடப் போகும்போது நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த இரண்டு பேரையும் எனக்கு ஒரே அளவுக்குப் பிடித்துவிட்டது; யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அச்சு இப்போது மேசையின் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டறை ஒன்பது மணிக்குத் திறக்கும். அரை மணி நேர வேலைதான்.

போகும் முன் ஒரு தரம் இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், அவள் பிடித்த மாதிரி. நன்றாகச் சில்லிட்டிருக்கும்.