ஸ்டாப்பர் வீட்டுக்காரன்

புன்னவிளையில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட இத்தனை பேர் இத்தனை நாள் கூடி உட்கார்ந்ததில்லை. ஓணக் கோப்பைக் கால்பந்துக்கு மிட்ஃபீல்டில் ஆட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்காக பிந்துவின் சாயாக்கடையில் ஒரு வாரமாக நடந்த ரகளை இருக்கிறதே, சொல்லி மாளாது. சாயா ஆறிப்போகும், ரசவடை ஊறிக் கரைந்துபோகும், வாய் மட்டும் ஓயாது.

“மலப்புறத்துலேருந்து ஒருத்தனை எறக்கணும்,” என்றார் கோலப்பன். அரிசி வியாபாரி, யங் பிரண்ட்ஸ் கிளப்பின் தலைவர், தொண்டையில் மைக் வைத்துப் பிறந்தவர். “அவனுவ பொறக்கும்பமே காலுல பந்தோட பொறப்பானுவ.”

“மலப்புறத்துக்காரன் இங்க வந்து நம்ம தரையில வழுக்கி விழுவான் ஓய்,” என்றார் சுந்தர்சிங் சார். ரிட்டயரான தபால்காரர். காலையில் சர்ச், மாலையில் கிரவுண்ட், அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. கிளப்புக்குக் கோச்சும் அவரே. “தூத்தூர்ல ஒரு பய இருக்கான். எடங்கால்னா எடங்கால், அப்படியொரு எடங்கால்.”

“அவன் போட்டுல ஆழ்கடலுக்குப் போற ஆளுல்லா? ஓணத்துக்குக் கூப்பிட்டா கிறிஸ்மஸுக்கு வந்து நிப்பான்.”

இப்படியே போகும். உள்ளூரில் கால் உள்ளவன் ஒருத்தனும் இல்லையா என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள், புன்னவிளைக்காரனிடம் கேட்டுவிடாதீர்கள். செவன்ஸ் ஆட்டத்துக்கு ஏழு பேர். கிளப்பை ஆரம்பித்ததும் ஏழு வீட்டுக்காரர்கள். ஆளுக்கொரு இடமாகப் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, கோவில் கொடை விழாவில் வீட்டுக்கு வீடு முறை வருகிறதே, அதே மாதிரி இடமும் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வருகிறது. கோல்கீப்பர் என்றால் நேசையன் வீடு. அவனுக்குப் பந்தைக் கண்டால் பயமா பிரியமா என்று ஒருவரும் விசாரித்ததில்லை. மிட்ஃபீல்டு கோலப்பன் வீட்டு உரிமை. அவர் மகன் முருகதாஸ் வேலை கிடைத்து மஸ்கட்டுக்குப் போய்விட்டான். உரிமைக்காரன் இல்லாத இடத்தில் உள்ளூரான் எவனும் நிற்க முடியாதாம், வெளியூரானை நிறுத்தலாமாம். ஒரு அணிக்கு ஒரு வெளியூர் ஆள் என்று போட்டி விதியும் இடம் கொடுத்தது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

ஸ்டாப்பர் இடம் ஷிபுவின் வீட்டுக்கு. ஷிபு என்றால் பிந்துவின் புருஷன். தாத்தா ஸ்டாப்பர், அப்பா ஸ்டாப்பர், அண்ணன் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் தூண் மாதிரி நிற்க வேண்டும், வருகிற பந்தை எங்கேயாவது அடித்து விரட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் ஷிபுவின் காலில் பந்து வந்தால் அதை விரட்ட அவனுக்கு மனசு வராது. கூட்டிக்கொண்டு மேலே போவான். போன விஷுப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அப்படிப் போனபோது, பந்து பறிபோய், அவன் விட்டுப்போன வெற்றிடம் வழியாக எதிரி கோல் அடித்துவிட்டான். மறுநாள் கோலப்பன் கடை வாசலில் வைத்து, பிந்து பார்த்திருக்க, கேட்டார்: “ஒனக்க அப்பன் நின்ன எடத்தை விட்டு ஒரு அடி நகந்ததுண்டாலே?” நின்ற இடத்தில் நிற்கப் படித்துவிட்டு வந்து வாங்கிக்கொள் என்று பச்சை ஜெர்சியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஷிபு இவர்கள் இருக்கும்போது கடைக்குள் வருவதில்லை. விடிகாலையில் ஆட்டோ ஸ்டாண்டுக்குச் சாயா கொண்டு கொடுப்பதோடு சரி. பிறகு டெம்போவில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு மேற்கே போய்விடுவான். சாப்பிடும்போது ஆட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவன், இப்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுகிறான். பிந்துவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பச்சை ஜெர்சி மறுபடி தன் வீட்டுக் கொடியில் காய வேண்டும், அவளுக்கு அது ஒன்று போதும். ஆனால் எரிகிற வயிற்றோடு அதே ஆட்களுக்கே சாயா ஆற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடை என்று ஒன்று போட்டால் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை மகேஷ்குமார் ஓடி வந்தான். செல்போன் ரிப்பேர் கடைக்காரன், கிளப்பின் வீடியோ இலாகா முழுக்க அவன் பொறுப்பு.

“மலப்புறமும் வேண்டாம், தூத்தூரும் வேண்டாம். இதைப் பாருங்க! மேக்க, கொல்லங்கோட்டுப் பக்கம் ஞாயித்துக்கிழமை நடந்த ஆட்டம். எனக்க மச்சினன் அனுப்பியிருக்கான்.”

மூன்று தலையும் ஒரு போனுக்குள் புகுந்தன. நல்ல மழை. ஆட்கள் எல்லாம் தலையிலிருந்து கால்வரை சேறு, மூஞ்சி எது முதுகு எது என்று தெரியவில்லை. அதில் ஒரு பதினேழாம் நம்பர். பந்து அவனிடம் வந்தது, ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனைத் தாண்டினான், பிறகு கூட்டத்துக்கு நடுவில் ஒரு பாஸ் கொடுத்தான். கோல்.

“பந்து வருகதுக்கு முந்தியே தலையைத் திருப்பிப் பாக்கான் பாத்தீரா?” சுந்தர்சிங் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது சொல்லிக்குடுத்து வாற சாதனம் இல்ல ஓய்.”

“மக்கா, இன்னொருக்கா போடுலே!” கோலப்பன் மலப்புறத்தை மறந்தே போனார். “இவனுக்க அப்பன் பெரிய மிட்ஃபீல்டுகாரனா இருந்திருப்பான். ரத்தத்துல இல்லாம இது வராது. ஆருலே இவன்?”

“பேரு தெரியல்ல மாமா. வாறான், கலக்குகான், ஆட்டம் முடிஞ்ச உடனே வண்டியெடுத்துட்டுப் போயிருகான்.”

பிந்து கிளாஸ்களில் சாயா ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தான். முழங்கை விலாவோடு ஒட்டி, தோள் ஆடாமல், இரண்டு கையிலும் நிறைந்த சாயா கிளாஸைப் பிடித்திருப்பவன் மாதிரி ஓடினான். தினமும் காலையில் கடைக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவில் அப்படி ஓடுகிற ஒரே ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். அந்த ஆளுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

“ஏட்டி, சாயா கொட்டுது!” என்று கோலப்பன் கத்தினார்.

கொட்டினால் கொட்டட்டும். ஞாயிறு தோறும் சேறு அப்பிய துணியைக் கொண்டுவந்து போட்டு, டெம்போ டயர் சேற்றில் மாட்டியது என்று சொன்னானே, பாவி மனுஷன்! அதை நம்பி அவளும் தோள் கழன்று போக அடித்துத் துவைத்தாளே!

மத்தியானம் கடையை எதிர்வீட்டு ஓமனாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள். ஷிபு அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“டெம்போ டயருக்கு நம்பரு உண்டா?” என்றாள்.

“என்ன நம்பரு?”

“பதினேழு.”

கிழங்கு தொண்டையில் நின்றுவிட்டது. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். அந்த நிலையில் அவள் நின்றால் ஷிபு எதையும் மறைத்ததில்லை.

“மொத நாளு வேடிக்கை பாக்கத்தான் நின்னேன் பிந்து. ஆளு கொறையுதுன்னு கூப்பிட்டானுவ. ‘அண்ணா, நீங்க எங்க நிக்கீய?’ன்னு கேட்டானுவ.” அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இதுவரைக்கும் எனக்கிட்ட ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்ல. நான் ‘நடுவுல’ன்னு சொன்னேன்.”

பிந்துவுக்குச் சண்டைக்கு வைத்திருந்த வார்த்தை எல்லாம் போன இடம் தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஆடுகிற ஆட்டம் ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள். அவளும் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்ப்பதற்குள் குரலை உயர்த்தினாள்.

“அதை எனக்கிட்ட சொன்னா என்ன?”

“ஒனக்கிட்ட சொன்னா சாயா ஆறுகதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சிரும்.”

அது உண்மைதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்க எல்லாரும் ஒங்க பின்னாலதான் பைத்தியமா அலையுகானுவ. போய் ‘நான்தான்’னு சொல்லிருங்க.”

“சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? ‘கொள்ளாம் மக்கா, நல்லா ஆடுக, வா, ஸ்டாப்பரா நில்லு’ன்னு கோலப்பன் மாமா சொல்லுவாரு. வேண்டாம். சவத்தை விடு.”

சவத்தை விடுகிற பெண்ணா பிந்து? சாயங்காலம் கூட்டம் கூடியதும் ஆளுக்கொரு ரசவடை வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள்.

“அந்தப் பதினேழாம் நம்பர்காரனை எனக்குத் தெரியும் மாமா. பேசிட்டேன். வருவான்.”

கோலப்பன் வடையைக் கீழே வைத்தார். கிளப் சரித்திரத்தில் அவர் கையில் எடுத்த வடையைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.

“ஆனா அவனுக்கு ரெண்டு சொல்லு உண்டு. அவன் மிட்ஃபீல்டுல மட்டும்தான் நிப்பான், வேற எடத்துல நிக்கச் சொல்லப்பிடாது. ரெண்டாவது, அவன் பந்தோட மேல போனா, திரும்பி வாலேன்னு ஒருத்தரும் கூப்பாடு போடப்பிடாது.”

“எனக்கென்ன கோட்டியா? மிட்ஃபீல்டுகாரன் மேல போவாம பின்ன கொல்லைக்கா போவான்?”

“அவன் எந்த வீட்டுக்காரனா இருந்தாலும் சம்மதமா?”

“எந்த வீட்டுக்காரனா இருந்தா நமக்கென்ன! காலு இருக்கா, ஆளு வாறானா, அதைச் சொல்லு.”

“அப்பம் ஜெர்சியையும் பழத்தையும் குடுங்க.”

இது புன்னவிளை வழக்கம். தலைவர் தன் கையால் ஜெர்சியையும் ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் வீட்டாளிடம் கொடுத்துவிட்டால் அது நிச்சயதார்த்தம் மாதிரி. போட்டி முடிகிறவரை அதை மாற்ற தலைவருக்கும் அதிகாரம் கிடையாது. ஷிபுவிடம் ஜெர்சியைத் திரும்ப வாங்கியதுகூடப் போட்டி முடிந்த மறுநாள்தான். கோலப்பன் ஆள் வைத்து ஜெர்சியை எடுத்துவரச் சொன்னார். கடையில் தொங்கிய குலையிலிருந்தே ஒரு சீப்பை அறுத்து, கிழக்கு பார்த்து நின்று, பிந்துவின் கையில் கொடுத்தார். பிந்து பேச்சைத் தொடங்கியதிலிருந்தே போனைத் தூக்கிப் பிடித்திருந்த மகேஷ்குமார் அதையும் வீடியோ எடுத்தான்.

“இனி சொல்லு மக்கா. ஆளு எங்க?”

பிந்து வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏங்க! கடையில ஆளு நிக்கி. சாயா கொண்டு குடுங்க!”

ஷிபு தயங்கித் தயங்கித்தான் வந்தான். ஆனால் கையில் நிறைந்த கிளாஸ் வந்ததும் கால் தன் பழக்கத்துக்கு ஓடியது. முழங்கை விலாவோடு ஒட்டி, தோள் ஆடாமல், ஒரு சொட்டு சிந்தாமல்.

மகேஷ்குமார் அவனைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடி அவனைப் பார்த்தான். “எம்மா! மைனி, இது நம்ம ஷிபு அண்ணனாக்கும்!”

சுந்தர்சிங் சார் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடி கழன்று சாயாவுக்குள் விழுந்தது. கோலப்பன் மட்டும் எழுந்து நின்றார்.

“இது ஸ்டாப்பர் வீடுல்லா! எங்க வீட்டு எடத்துல இவன் எப்படி நிப்பான்? முருகதாஸுக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்? நடக்காது. குடு ஜெர்சியை!”

“பழம் கை மாறிப்போச்சு மாமா,” என்றாள் பிந்து. சொல்லிக்கொண்டே ஒரு மட்டிப்பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். “எந்த வீட்டுக்காரனா இருந்தாலும் சம்மதம்னு சொன்னீய. மகேஷு போனுல இருக்கு.”

கோலப்பன் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கீழே வைத்த வடையை எடுத்து முழுசாகத் தின்று முடித்தார்.

“அப்பம் ஸ்டாப்பருக்கு ஆரு?”

“மலப்புறத்துலேருந்து எறக்குங்க.”

அவ்வளவுதான், பிடித்தது சனியன். மலப்புறமா தூத்தூரா என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள். ஷிபு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பச்சை ஜெர்சியைத் தடவிப் பார்த்தான். பிறகு அவனும் நடுவில் புகுந்து, தூத்தூர்க்காரனின் வலது காலைப் பற்றி என்னவோ சொன்னான். எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல் கடைக்குள் கேட்கிறது! பிந்து அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மணவாளக்குறிச்சி கிரவுண்டில் ஓணக் கோப்பை. முதல் ஆட்டமே முட்டத்துக்காரர்களோடு. இடைவேளைக்குப் பிறகும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது ஷிபுவின் காலில் பந்து கிடைத்தது. எடுத்துக்கொண்டு மேலே போனான். கோலப்பன் பழக்க தோஷத்தில் எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, “திரும்பி...” என்றார்.

பக்கத்திலிருந்து பிந்து பார்த்தாள். சும்மா ஒரு பார்வைதான்.

அவர் அந்த வார்த்தையை விழுங்கினார். மூச்சைப் பிடித்தார். பிறகு கிரவுண்டே திரும்பிப் பார்க்கும்படி, “போலே மக்கா! போ, போ, போ!” என்று அலறினார். ஷிபு போனான். பாஸ் கொடுத்தான். கோல். கோலப்பன் கட்டிப்பிடித்த ஆள் எதிரணிக்காரன் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை கடையில் ஒரே கும்மாளம். கோலப்பன் முன்னால் வைத்த வடை தொடாமலே கிடந்தது. மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோ என்று பிந்து நினைத்தாள். சாயாவை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மூலையில் இருந்த கோல்கீப்பர் நேசையன் பக்கம் திரும்பினார்.

“லேய் நேசையா. ஒனக்கு எங்க நிக்கணும்னு ஆசை?”

நேசையனுக்குக் கேள்வி விளங்கவில்லை. தன்னைத்தான் கேட்கிறாரா என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

“எனக்கா மாமா?” என்றான். முகம் சிவந்துவிட்டது. “எங்கயும் நிக்காண்டாம். பந்தை ஒருக்கா காலால தட்டிட்டு ஓடணும் மாமா. சின்ன வயசுலேருந்து ஆசை.”

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஷிபு ஒரு சாயாவைக் கொண்டுபோய் நேசையன் முன்னால் வைத்தான்.